வெள்ளி மாலை தானே வந்து சிறைப்படுகிறவர்கள்

கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 732 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 90 நாளுக்கு மிகாத சிறைத்தண்டனை விதிக்கும் நீதிபதி, அதை ஒரே மூச்சில் கழிக்கச் சொல்லாமல், குறிப்பிட்ட நாள்களில் விட்டு விட்டுக் கழிக்க அனுமதிக்கலாம் என்கிறது அது. 1972-ல் வந்த ஏற்பாடு. பெரும்பாலும் அந்த நாள்கள் வார இறுதியாகவே அமைகின்றன. வெள்ளி மாலை சிறைவாசலில் போய் நிற்க வேண்டும்; திங்கள் காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு வெளியே விடுவார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாம் முறை தண்டிக்கப்படுகிறவருக்குக் கனடாவில் குறைந்தது 30 நாள் சிறை. நீதிபதியே இரங்கினாலும் பொதுவாக அதில் ஒரு நாளைக் குறைக்க முடியாது. அப்படிப்பட்டவரின் வேலை பறிபோகாமல், வீட்டு வாடகை நின்றுபோகாமல், தண்டனையும் நிறைவேற வேண்டும் என்பதற்காகவே இந்த வழி. இதைக் கேள்விப்படுகிறவர்கள் பலரும் ‘இது என்ன தண்டனை, விடுதிக்குப் போய் வருவது போல’ என்றுதான் முதலில் நினைப்பார்கள். சட்டத்தின் வாசகங்களை வரிவரியாகப் படித்தால் வேறொன்று தெரியும். எந்தக் கைதியிடமும் கேட்காத ஒன்றை இந்தக் கைதியிடம் அரசு கேட்கிறது. தன்னைத் தானே கூட்டிக்கொண்டு வந்து, தன்னைத் தானே ஒப்படைக்க வேண்டும். அதையும் ஒரு முறை செய்தால் போதாது, வாரந்தோறும் செய்ய வேண்டும். அந்தக் கடமை துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு ஈடாக அரசு செய்ய வேண்டியது என்ன என்பது கிட்டத்தட்ட எழுதப்படவே இல்லை. பகுதிநேரச் சிறை என்ற தண்டனை பல நாடுகளில் தோற்றுக் கைவிடப்பட்டதற்கு இந்த ஏற்றத்தாழ்வே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

கைதியின் பக்கத்துக் கடமைகளை முதலில் பார்த்துவிடலாம். சிறைக்குள் இருக்கும் நாள்களில் அவர் மற்றக் கைதிகளைப் போலவே சிறை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். வெளியே இருக்கும் நாள்களிலும் அவர் முழுச் சுதந்திரர் கிடையாது. இடைவிட்ட சிறைத்தண்டனை விதித்தால் இடைப்பட்ட நாள்களுக்கு நன்னடத்தை ஆணை ஒன்றையும் சேர்த்தே விதித்தாக வேண்டும் என்கிறது கனடாச் சட்டம். அமைதி கெடாமல் ஒழுங்காக நடக்க வேண்டும். அழைத்தால் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். பெயரோ முகவரியோ மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேலை மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். இவை எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகள். இவற்றோடு, குடிக்கக் கூடாது, ஊரைத் தாண்டக் கூடாது, ஆலோசனை வகுப்புக்குப் போக வேண்டும் என்று ஆளைப் பொறுத்து நீதிபதி கூட்டிக்கொண்டே போகலாம். குறித்த நேரத்துக்கு, போதை சிறிதும் இல்லாமல் சிறைவாசலுக்கு வந்து சேர வேண்டும் என்பது வழக்கமாக எழுதப்படும் நிபந்தனை. தகுந்த காரணமின்றி ஆணையை மீறினால் அது தனிக் குற்றம். பெருங்குற்றமாக வழக்குத் தொடர்ந்தால் நான்கு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். தண்டனைக் காலம் முடியும் முன் சட்டப்படியான காரணமின்றி வெளியே இருப்பது இன்னொரு குற்றம். ஆக, 30 நாள் தண்டனை பெற்ற ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை பேருந்தைத் தவறவிட்டால், காகிதத்தில் பார்க்கும்போது, மூலத் தண்டனையை விடப் பெரிய தண்டனைக்கு வழி திறந்து கிடக்கிறது. எல்லா நீதிபதிகளும் அந்த வழியில் போவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வழி திறந்திருக்கிறது என்ற நினைப்போடுதான் அவர் ஒவ்வொரு வெள்ளியையும் கடக்க வேண்டும்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. தண்டனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் போடுவதே இல்லை. கழிவு எதையும் சேர்க்காமல், வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளைத் தொடர்ச்சியாகக் கழிக்கிறவர் ஒரு முறை உள்ளே போகிறார், ஒரு முறை வெளியே வருகிறார். விட்டு விட்டுக் கழிக்கிறவர் 15 முறை உள்ளே போய் 15 முறை வெளியே வருகிறார். 90 நாள் என்றால் 45 வார இறுதிகள். ஏறத்தாழ ஒரு வருடம். நாள்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் தவறுவதற்கான வாய்ப்பு 45 மடங்காகிவிட்டது. ஒவ்வொரு நுழைவிலும் அடையாளச் சரிபார்ப்பு, ஆடை களைந்து சோதனை, சொந்த உடையை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டுச் சிறை உடையை வாங்கிக்கொள்வது, தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை ஒப்படைத்துவிட்டுச் சிறை மருத்துவப் பிரிவு எப்போது தரும் என்று காத்திருப்பது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுக்கிறவருக்கு இரண்டு நாள் தடங்கல் சின்ன விஷயமாகத் தோன்றலாம். வாரந்தோறும் அந்தத் தடங்கல் வந்தால் சிகிச்சை என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. அபின் வகைப் போதையிலிருந்து மீள மெத்தடோன் எடுத்துக்கொள்கிறவருக்கு இது இன்னும் கொடுமை. அவர் போதையிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது நீதிமன்ற ஆணை. அப்படி நிற்க உதவும் மருந்து வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் தவறாமல் கிடைக்கும் என்பதற்கு அதே ஆணையில் உத்தரவாதம் இல்லை. 732-ஆம் பிரிவில் அரசின் தரப்பைத் தொடுகிற வாசகம் ஒன்றே ஒன்றுதான்: தண்டனையை நிறைவேற்றத் தகுந்த இடவசதி இருக்கிறதா என்பதை நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டும். அதுவும் தண்டனை விதிக்கும் அன்று பார்க்க வேண்டிய விஷயம். எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை படுக்கை இருக்குமா என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை. இடம் போதாமல், வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதும் கனடாவில் நடந்திருக்கிறது. கைதி வராவிட்டால் குற்றம். அரசு இடம் தராவிட்டால் அது நிர்வாகச் சிக்கல்.

இந்தத் தண்டனையை மிக விரிவாகவும் நீண்ட காலமும் நடத்திப் பார்த்த இடம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ். அங்கே 1970-ல் சட்டம் வந்தது. 1981-ல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 1999-ல் மீண்டும் திருத்தி எழுதினார்கள். வெள்ளி இரவு 7 மணிக்குள் மையத்துக்கு வர வேண்டும், ஞாயிறு மாலை 4.30 வரை இருக்க வேண்டும். மூன்று ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையை இந்த முறையில் கழிக்கலாம். கனடாவின் 90 நாளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய அளவு. நூறு வார இறுதிகளைத் தாண்டியும் ஒருவர் வந்துகொண்டே இருக்க நேரலாம். நீதிபதி இந்தத் தண்டனையைக் கொடுப்பதற்கு முன், தன் கடமைகளை நிறைவேற்றுவதாகக் குற்றவாளி எழுத்தில் உறுதி கொடுத்திருக்க வேண்டும். அதாவது சட்டமே இதை ஓர் ஒப்பந்தம் போல அமைத்தது. ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் கையெழுத்து இருந்தது. மறுபக்கத்தில், மையத்தில் இடம் இருப்பதாக ஒரு குறிப்பு இருந்தால் போதும். ஒரு முறை வராவிட்டால் தண்டனை ஒரு வாரம் நீளும். அனுமதியின்றி மூன்று முறை வராவிட்டால் பரோல் அமைப்பு ஆணையை ரத்து செய்யும். மீதித் தண்டனை முழுநேரச் சிறையாக மாறும். ஆரம்பத்தில் ஒரு பகுதியை ஒழுங்காக முடித்தவர்கள் இரவு தங்காமல் பகலில் வந்து சமூகப் பணி மட்டும் செய்துவிட்டுப் போகும் இரண்டாம் கட்டமும் இருந்தது. அந்த ஏற்பாட்டில் எனக்கு மதிப்பு உண்டு. ஒழுங்காக வந்தவருக்கு அதனால் என்ன பலன் என்பதைச் சொன்ன அபூர்வமான விதி அது.

அந்த மாநிலத்தின் தண்டனை ஆலோசனைக் குழு 2007-ல் இந்த முறையை ஆராய்ந்து, இதற்குப் பதிலாகச் சமூகத்துக்குள்ளேயே நிறைவேறும் வேறொரு தண்டனையைக் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. 2010 அக்டோபரில் பகுதிநேரச் சிறை முடிவுக்கு வந்து, ‘தீவிரத் திருத்த ஆணை’ வந்தது. குழு சுட்டிய குறைகளில் இரண்டு என் வாதத்துக்கு மையமானவை. மாநிலம் முழுவதும் மையங்கள் இல்லை. எனவே தூரத்து ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இந்தத் தண்டனை எட்டாக்கனி. வந்தவர்களுக்கும் தனிப்பட்ட கண்காணிப்போ திருத்தத் திட்டமோ கிடைக்கவில்லை. வந்தார்கள், வேலை செய்தார்கள், போனார்கள். இவை இரண்டுமே கைதியின் தவறுகள் இல்லை. சிட்னி புறநகர்க்காரர் வார இறுதியில் கழித்துவிடக்கூடிய தண்டனையை, அதே குற்றம் செய்த மேற்குப் பகுதிச் சிற்றூர்க்காரர் முழுநேரச் சிறையில் கழிக்க வேண்டியிருந்தது என்றால், அங்கே அளக்கப்பட்டது குற்றத்தின் கனமா, வீட்டுக்கும் மையத்துக்கும் இடையிலான கிலோமீட்டரா? அந்தப் பரந்த உள்நாட்டுப் பகுதிகளில் பொதுப் போக்குவரத்து அரிது. ஓட்டுநர் உரிமம் பறிக்கப்பட்ட ஒருவர் (இந்தத் தண்டனைக்கு வருகிறவர்களில் போக்குவரத்துக் குற்றவாளிகள் கணிசம்) எப்படி வெள்ளி இரவு 7 மணிக்கு நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து நிற்பார்? உரிமத்தைப் பறித்ததும் அரசு. நேரத்துக்கு வந்து நில் என்றதும் அரசு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேன் ஓட்டுவது யார் பொறுப்பு என்று யாரும் எழுதவில்லை.

கான்பெராவைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பிரதேசத்தின் கதையும் இதற்குத் துணை நிற்கும். 2009 வரை அந்தப் பிரதேசத்துக்குச் சொந்தமாக முழுநேரச் சிறையே இல்லை; தண்டிக்கப்பட்டவர்களை நியூ சவுத் வேல்ஸ் சிறைகளுக்கு அனுப்பினார்கள். ஆனால் சிமன்ஸ்டன் என்ற இடத்தில் பகுதிநேரச் சிறை மையம் இருந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வருகிறவர்களின் கடமைகளைத் தெளிவாக வகைப்படுத்தியது: ஒவ்வொரு காவல் காலத்தையும் தவறாமல் கழிப்பது, அதிகாரிகளின் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது, மது, போதை சோதனையில் தேறுவது என்று. யார் இந்தத் தண்டனைக்குத் தகுதியற்றவர் என்பதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். கடுமையான மது அல்லது போதைப் பழக்கம், மனநலப் பிரச்சினை, உடல்நலக் குறைவு, வேலையாலோ குடும்பச் சூழ்நிலையாலோ முறையாக வர இயலாமை ஆகியவை தகுதியின்மைக்கான காரணங்கள். இந்தப் பட்டியலை நிதானமாக ஒரு முறை படிக்க வேண்டும். சிறைக்கு வருகிற சராசரி மனிதரின் வாழ்க்கையை யாராவது எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவார்கள். யாருக்கு முழுநேரச் சிறை அதிகம் சேதம் விளைவிக்குமோ அவர்களை விலக்கிவிட்டு, நிலையான வீடும் வேலையும் உள்ளவர்களை மட்டும் உள்ளே விடும் வாசல் அது. 2016 நடுவில் அங்கேயும் இந்தத் தண்டனை முடிவுக்கு வந்தது.

இங்கிலாந்து இதை 2003-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் மூலம் முயன்றது. ஒரு குற்றத்துக்குச் சிறையில் கழிக்க வேண்டியது 14 முதல் 90 நாள். குற்றவாளி தன் சம்மதத்தைத் தெரிவித்தால் மட்டுமே விதிக்கலாம். 2004 ஜனவரியில் சோதனை முயற்சி தொடங்கியது. ஆண்களுக்கு லங்காஷயரில் கிர்க்கம் சிறை, பெண்களுக்கு லிங்கன்ஷயரில் மோர்ட்டன் ஹால். இரண்டே இடங்கள். பிள்ளை வளர்க்கும் தாயின் குடும்பம் சிதறக் கூடாது என்பது இந்தத் திட்டத்துக்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று. ஆனால் அந்தத் தாய் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. 2006 நவம்பரில் முயற்சியை நிறுத்திவிட்டார்கள். ஸ்பெயின் 1995-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் வார இறுதிக் காவலைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றும் 36 மணி நேரம், கூடினால் 24 வார இறுதி என்று வரையறுத்தது. 2004 அக்டோபரிலிருந்து அது இல்லை. போர்த்துக்கல் தன்னுடைய வார இறுதிச் சிறையை 2017-ல் நீக்கியது. நியூசிலாந்து 1962-லேயே சட்டமியற்றித் தொடங்கிய பகுதிநேரக் காவலை 2002-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் சமூகப் பணித் தண்டனைக்குள் கரைத்துவிட்டது. இத்தனை நாடுகள் கைவிட்ட ஒன்றை ஆதரித்துப் பேசுவது பிடிவாதம் என்று யாராவது சொல்லலாம். கைவிட்டதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தின் சோதனையும் நியூ சவுத் வேல்ஸின் நீண்ட அனுபவமும் மனிதர்கள் ஒழுங்காக வரவே மாட்டார்கள் என்று நிரூபித்துவிடவில்லை. இரண்டே வாசல்களைத் திறந்து வைத்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, மிக நேரடியானது: குற்றம் செய்தவரிடம் அரசு எதற்குக் கடமைப்பட வேண்டும்? சலுகையாகக் கிடைத்த தண்டனை. வசதிப்படாவிட்டால் முழுநேரச் சிறைக்குப் போகட்டும். இந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. முழுநேரக் கைதிக்கு உணவு, மருந்து, பாதுகாப்பு, நீதிமன்றத்துக்கு வண்டி எல்லாவற்றையும் அரசு ஏற்கிறது. காரணம் கருணை மட்டும் இல்லை; ஒருவரின் நடமாட்டத்தைப் பறித்துக்கொண்டவர் அவருடைய தேவைகளுக்குப் பொறுப்பாகிறார் என்பது சிறைச் சட்டத்தின் அடிப்படை. பகுதிநேரக் கைதியின் விஷயத்தில் அரசு ஐந்து நாள் செலவைக் கைதியின் தலையில் போடுகிறது. அவர் உழைத்து உண்கிறார், வாடகை கட்டுகிறார், வரி கட்டுகிறார். காவல் வேலையில் பாதியையும் அவரே பார்க்கிறார். இவ்வளவு மிச்சப்படுத்திக் கொடுக்கிறவருக்குப் பயண ஏற்பாடும் மருந்துத் தொடர்ச்சியும் கேட்பதைச் சலுகை மேல் சலுகை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: இது வசதி படைத்தவர்களுக்கான மென்மையான தண்டனை. நியூ சவுத் வேல்ஸில் வாரத்தின் ஏழு நாளுக்கான தண்டனையை இரண்டு இரவில் கழித்துவிட முடிந்தது. அது கண்ணுக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்ட தள்ளுபடி என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. நாளுக்கு நாள் என்று எண்ணும் முறையே நேர்மையானது. தகுதிப் பரிசோதனையில் வீடும் வேலையும் உள்ளவர்களே தேறினார்கள் என்பதையும் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு தண்டனையை ஒழிப்பது என்றால், வசதியுள்ளவரிடமிருந்து எதுவும் பறிபோகாது. அவருக்கு வேறு மாற்று வழிகள் கிடைத்துவிடும். ஏழைக்குத்தான் கதவு நிரந்தரமாக மூடும். தினக்கூலிக்காரருக்குத் தொடர்ந்து முப்பது நாள் சிறை என்பது வேலையின் முடிவு. சேமிப்பும் விடுப்பும் உள்ளவருக்கு அது ஒரு மோசமான மாதம். பகுதிநேரச் சிறை யாருக்கு உண்மையில் தேவையோ அவர்கள் அதன் கடமைகளை நிறைவேற்றக்கூடிய அளவுக்கு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்பதே இந்த மறுப்புக்குச் சரியான பதில். வேலை இல்லாதவருக்கும் வார நாள்களில் பகுதிநேரக் காவல் கொடுக்கலாம். குடிப்பழக்கம் உள்ளவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்குவதற்கு முன், அந்த வார இறுதியையே சிகிச்சைக்கான நேரமாக மாற்ற முடியுமா என்று பார்க்கலாம்.

மூன்றாவது மறுப்பைச் சிறை அதிகாரிகளே எழுப்புகிறார்கள். அனுபவத்திலிருந்து வருவதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. வாரந்தோறும் வெளியே போய் வருகிறவர் போதைப்பொருளும் சுமந்து வருவார் என்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இது கற்பனை இல்லை. உடலுக்குள் மறைத்தும், விழுங்கியும் கொண்டுவருகிறார்கள். விருப்பத்தோடு செய்கிறவர்களும் உண்டு, உள்ளே இருக்கும் கும்பல்களின் மிரட்டலுக்குப் பயந்து செய்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் சட்டம் யோசிக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரு கொத்தனாரோ கணக்கரோ, கொலை வழக்கில் விசாரணைக்குக் காத்திருப்பவரோடு ஒரே கூடத்தில் வார இறுதியைக் கழிக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வருவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருடைய வருகைக் கடமையே அவரை மிரட்டலுக்கு ஏற்ற ஆளாக்கிவிடுகிறது. சொன்னதைக் கொண்டுவராவிட்டால் அடி. கொண்டுவந்து பிடிபட்டால் புதிய வழக்கு. பயந்து போகாமலே இருந்துவிட்டால் ஆணை மீறல். மூன்று பக்கமும் அடைபட்டு நிற்கும் மனிதருக்குச் சட்டம் தரும் ஒரே பாதுகாப்பு ‘தகுந்த காரணம்’ என்ற இரண்டு சொற்கள். அதையும் அவர் நீதிமன்றத்தில், மிரட்டியவர்களின் பெயரைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். அதன் பிறகும் அதே சிறைக்கு அவர் திரும்பிப் போக வேண்டும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு இருக்கிறது என்பதை ஒண்டாரியோவே காட்டியது. அந்த மாகாணத்து லண்டன் நகரத்தில் எல்ஜின்-மிடில்செக்ஸ் சிறை வளாகத்தில் வார இறுதிக் கைதிகளுக்கென்று தனிக் கட்டடத்தை 2016-ல் திறந்தார்கள். முழுநேரக் கைதிகளோடு கலக்காமல் பிரித்து வைத்தாலே மிரட்டலின் வேர் பெருமளவு அறுந்துவிடும். கொண்டுவருகிறவரிடமிருந்து வாங்குவதற்கு ஆள் இல்லை. அதை அந்த ஊரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், தனி இடம் இல்லாவிட்டால் இந்தத் தண்டனையை விதிக்கவே கூடாது என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

நான்காவதாக, மின்னணுக் கணுக்கால் பட்டையும் வீட்டுக் காவலும் வந்த பிறகு இந்தப் பழைய முறை எதற்கு என்பார்கள். பல நாடுகள் இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸின் தீவிரத் திருத்த ஆணை தொடக்கத்தில் மாதத்துக்குக் குறைந்தது 32 மணி நேரச் சமூகப் பணியைக் கேட்டது. 2018-ல் வீட்டுக் காவலையும் அதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக் காவலுக்கு முதலில் ஒரு வீடு வேண்டும். வாடகை அறையில் நான்கு பேரோடு தங்கியிருப்பவரின் வீடு யாருடையது? மனைவியை அடித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவரை அதே வீட்டில் அடைத்து வைப்பது யாருக்குத் தண்டனை? வார இறுதிச் சிறையில் குடும்பம் காவல்காரராக மாற வேண்டியதில்லை. ஐந்து நாள் வெளியே, இரண்டு நாள் உள்ளே என்ற கோடு தெளிவாக இருக்கிறது. எல்லோருக்கும் இதுவே சிறந்தது என்று சொல்ல வரவில்லை. பட்டை பொருந்தாத ஒரு சாராருக்காவது இந்த வழி இருக்க வேண்டும்.

டொரன்டோவைச் சுற்றி வாழும் தமிழர்களுக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘வார இறுதி மட்டும்தான்’ என்று கேட்டதும் பெரிய நிம்மதி வந்துவிடும். ஆனால் 2018 டிசம்பரிலிருந்து குடித்துவிட்டு வண்டி ஓட்டும் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை பத்தாண்டு. குடியுரிமை இன்னும் பெறாத நிரந்தர வதிவாளர்களைப் பொறுத்தவரை, கிடைத்த தண்டனை சின்னதாக இருந்தாலும், குடிவரவுச் சட்டம் அதைக் கடுமையான குற்றமாகக் கணக்கிட்டு நாட்டில் இருக்கும் உரிமையையே கேள்விக்குள்ளாக்க முடியும். வார இறுதிக் கைதியின் கடமைகளை ஒழுங்காக முடித்ததால் மட்டும் இந்த விளைவு நீங்கிவிடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், குடிவரவு தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட வேண்டும்.

கைதி தவறும்போது என்ன செய்வது என்பதில் நாடுகளின் போக்கு வேறுபடுவது கவனிக்கத்தக்கது. கனடாவில் வராமல் போனது ஒரு புதிய குற்றமாகிறது. பழைய குற்றப் பதிவோடு இன்னொன்று சேருகிறது. நியூ சவுத் வேல்ஸில் முதலில் தண்டனை ஒரு வாரம் நீண்டது, மூன்றாவது முறை நிர்வாக அமைப்பே முழுநேரச் சிறைக்கு மாற்றியது. ஸ்பெயினின் பழைய விதியில் நியாயமற்ற இரண்டு இல்லாமைகளுக்குப் பிறகு, தொடர்ச்சியாகக் கழிக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம். உத்தரவிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த மூன்றிலிருந்தும் ஒரு நல்ல விதியைத் தைக்க முடியும். முதல் தவறுக்கு ஒரு வார நீட்சி போதும். நாளை ஈடுசெய்துவிட்டார், கணக்குத் தீர்ந்தது, புதிய வழக்கு வேண்டாம். முழுநேரச் சிறைக்கு மாற்றுவதை மட்டும் நீதிபதியிடம் விட வேண்டும். சுதந்திரத்தைப் பறிப்பது கோப்பில் விழும் மூன்றாவது முத்திரையால் நடக்கக் கூடாது. வந்தவருக்கு இடமில்லை என்று சிறை திருப்பி அனுப்பினால் அந்த நாள் கழிந்த நாளாகவே கணக்கில் சேர வேண்டும். அதை அன்றே எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் நிர்வாகத்தால் முடியாத காரியங்கள் என்பவர்கள் 2020 மார்ச்சை நினைத்துப் பார்க்கலாம். கொரோனா பரவத் தொடங்கியபோது, வாரந்தோறும் உள்ளே போய் வெளியே வருகிறவர்களால் தொற்று பரவும் என்று ஒண்டாரியோ அரசு உணர்ந்தது. விதியைத் திருத்தி, வார இறுதிக் கைதிகள் வாசலுக்கு வர வேண்டாம் என்று தற்காலிக விடுப்புக் கொடுத்தது. அதற்கு வருடக்கணக்கில் ஆய்வுக் குழு எதுவும் தேவைப்படவில்லை. சில நாள்களில் முடிந்துவிட்டது. சிறை ஊழியர்களுக்கும் மற்றக் கைதிகளுக்கும் ஆபத்து என்றதும் அவ்வளவு விரைவாக நகர்ந்த அதே பேனா, உரிமம் இழந்தவருக்கு ஒரு வண்டியையும் சர்க்கரை நோயாளிக்கு ஒரு மருந்துச் சீட்டையும் எழுத ஏன் இத்தனை ஆண்டுகளாகத் தயங்குகிறது என்பதை அந்தந்தச் சட்டமன்றங்களில் கேட்க வேண்டும்.